சாதாரணச் சவ்வை அயனி பரிமாற்றச் சவ்வாக்குவது எப்படி? புற ஊதா ஒளி வழி

தண்ணீரே ஒட்டாத பாலிபுரோப்பிலீன் நுண்துளைச் சவ்வு ஒன்றை எடுத்து, அதன் துளைச் சுவர்களில் அமிலக் குழுக்களை முளைக்கவைக்கப் போகிறோம். அந்தக் குழுக்கள்தான் சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகளைப் பிடித்து மாற்றிக் கொடுக்கும். தேவையானவை பென்சோபீனோன் (ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்), அக்ரிலிக் அமிலம், மெத்தனால், நைட்ரஜன், 365 நானோமீட்டர் விளக்கு.

முதலில் பாதுகாப்பு. அக்ரிலிக் அமிலம் தோலை அரிக்கும், புற ஊதா ஒளி கண்ணைக் கெடுக்கும். ஃப்யூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு), கையுறை, அந்த ஒளியைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

சவ்வை மெத்தனாலில் கழுவி, நன்றாக உலர்த்தி, எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, மெத்தனாலில் கரைத்த பென்சோபீனோனில் ஊறவைத்து, மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, முழுக்கக் காய்வதற்குள் அக்ரிலிக் அமிலத்தின் நீர்க்கரைசலில் (10 சதவீதம் போதும்) போட்டுவிடுங்கள். காய்ந்துவிட்டால் துளைகளுக்குள் தண்ணீர் நுழையாது. பென்சோபீனோன் தண்ணீரில் கரையாது என்பதால் சவ்வோடேயே தங்கிவிடும், அதனால் வினை கரைசலில் அல்லாமல் நமக்கு வேண்டிய சுவரிலேயே தொடங்கும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது நைட்ரஜனைக் குமிழிகளாக 15 நிமிடமாவது விடுங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடும் படி இது. ஒளிபட்ட பென்சோபீனோன் பாலிமர் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அங்கே உருவாகும் தனி உறுப்பில்தான் (free radical, இணை சேராத எலக்ட்ரான் உள்ள இடம்) அக்ரிலிக் அமிலம் வந்து சேர்ந்து சங்கிலியாக வளர வேண்டும், ஆனால் ஆக்சிஜன் இருந்தால் அது முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடும். (ஹைட்ரஜனே இல்லாத டெஃப்லானில் இந்த வழி எடுபடாததும் இதனால்தான்.)

சரி, விளக்கைப் போடுங்கள். 5, 10, 20 நிமிடம் என மூன்று துண்டுகளில் செய்து பாருங்கள். நேரம் கூடினால் துளைகள் அடைபடத் தொடங்கும்.

அப்புறம் கழுவுதல். சுவரில் ஒட்டாமல் சும்மா சிக்கியிருக்கும் பாலிஅக்ரிலிக் அமிலம் (அக்ரிலிக் அமிலம் தனியாகக் கோத்த சங்கிலிகள்) வெளியேற, வெந்நீரைப் பலமுறை மாற்றி ஊறவையுங்கள், மீதி பென்சோபீனோன் போக மெத்தனாலில் ஒரு முறை. இதில் சோம்பல்பட்டால் எடை பொய் சொல்லும்.

கடைசியாகச் சோதனை. சவ்வை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, நடுநிலை வரும்வரை கழுவி, உலர்த்தி எடை போடுங்கள். பிறகு அளவு தெரிந்த 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு நாள் ஊறவிட்டு, மிச்சக் காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடுதல்) செய்யுங்கள். வெறும் உப்புக் கரைசல் போதாது, ஏனென்றால் நாம் முளைக்கவைத்த கார்பாக்சிலிக் குழு வலுவற்ற அமிலம், அதன் ஹைட்ரஜன் முழுதாக வெளியே வராது.

கணக்கு எளிது: அக்ரிலிக் அமிலத்தின் மோலார் நிறை 72. ஆக 100 மில்லிகிராம் சவ்வு 136 ஆகியிருந்தால், கூடிய 36 மில்லிகிராமுக்கு 0.5 மில்லிசமானம் (இங்கே 0.5 மில்லிமோல் அமிலக் குழு) கிடைக்க வேண்டும். டைட்ரேஷனில் அதைவிட நிறையக் குறைந்தால் ஈரமோ பென்சோபீனோனோ மிச்சம் இருக்கிறது, திரும்பக் கழுவி உலர்த்துங்கள்.