முதல் சட்டையை ஃபிரேமில் மாட்டும் முன்

பீரோவின் அடித்தட்டில் பல வீடுகளில் ஒரு மூட்டை இருக்கும். பிள்ளைக்கு முதலில் போட்ட சட்டை, வசம்பு வளையல், அரைஞாண் கயிறு, வளைகாப்புக் கண்ணாடி வளையல்கள், ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை. இவற்றோடு இலை, விதை, சிப்பி எல்லாம் சேர்த்து, ஆழமான கண்ணாடி ஃபிரேமுக்குள் தன் தாய்மையை ஒரு படைப்பாக அடுக்கிப் பார்ப்பது மனசுக்கு நிறைவான வேலை. அவசரப்பட்டால் மட்டும், கையில் இருக்கிற ஒரே பொருளும் பாழாகிவிடும்.

அதிகம் பாழாவது ஸ்கேன் படம்தான். அந்தச் சின்னப் படங்கள் பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் தாளில் அச்சானவை. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால், உள்ளே போன படம் முழுக்கக் கறுப்பாக வெளியே வரும். சும்மா வைத்திருந்தாலே வருஷக்கணக்கில் மங்கும். முதலில் நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்து, அதன் பிரதியை ஃபிரேமுக்குள் வையுங்கள். அசல் இருட்டான உறைக்குள் இருக்கட்டும்.

துணியைப் பசை வைத்து ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் மஞ்சளாகும், பிரித்தால் துணியும் கிழிந்து வரும். நாலு இடத்தில் மெல்லிய நூலால் தைத்தால் போதும். துவைக்காமல் வைத்தால் பால் கறை பழுப்பாகும். கஞ்சி போட்டால் இராமபாணப் பூச்சி தேடி வரும்.

இலையும் பூவும் ஈரத்தோடு உள்ளே போனால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, தாளை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று வாரம் அழுத்திக் காய வையுங்கள். நெல், பயறு, விதைகள் என்றால் மூடிய கவரில் போட்டு ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்தெடுத்தால் உள்ளிருக்கும் வண்டு முட்டை சாகும்.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகுதான், ஆனால் துளை போட்டாலோ உடைந்தாலோ உள்ளிருக்கும் விஷம் உயிரையே வாங்கும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் சிவப்பு வேண்டுமானால் மஞ்சாடி விதை இருக்கிறது. அப்புறம், கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கிறது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பல படைப்புகள் உயிரில்லாமல் போவதற்கு வேறு காரணம் உண்டு. மூட்டையில் இருப்பதை எல்லாம் ஒரே ஃபிரேமில் திணிப்பது, அதிலும் இனிப்பானதை மட்டும். அமெரிக்கக் கலைஞர் மேரி கெல்லி 1973 முதல் 1979 வரை, லண்டனில் தன் மகன் வளர்ந்த காலத்தையே படைப்பாக்கினார். 1976இல் அங்கே காட்சிக்கு வைத்தபோது, கறை படிந்த டயப்பர் விரிப்புகளை மாட்டியதற்காகப் பத்திரிகைகள் கொதித்தன. ஆனால் தாய்மையின் அன்றாடம் அந்தக் கறையில்தான் இருந்தது. பிற்பகுதியில் மகன் பொறுக்கி வந்து தந்த இலையும் பூச்சியும்கூட இடம்பெற்றன.

உங்களுக்கும் தூங்காத இரவுகள் இருந்திருக்கும். சிலருக்குக் கலைந்துபோன கரு இருக்கும், பிறந்தும் தங்காத பிள்ளை இருக்கும். அதைப் பற்றிச் செய்ய மனம் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள், சுற்றிலும் பூ வைத்து மறைக்க வேண்டியதில்லை. ஒரு ஃபிரேமுக்கு ஒரே ஒரு காலம் போதும். அதற்கு மூன்று பொருள் தாங்கும், ஐந்து அதிகம்.

முடித்ததும் பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்: யாருடைய சட்டை, எந்த வருஷம், வளையல் யார் போட்டது, இலை எந்த மரத்தது.