திதாக்கேயிலிருந்து ஆரம்பியுங்கள்

தோமா நற்செய்தியை முதலில் கையில் எடுக்காதீர்கள். எங்கள் பங்கில் விவிலியத்தில் சேராத நூல்களைப் பற்றி என்னிடம் கேட்கும் எல்லாருக்கும் அதுதான் வேண்டும். "மறைத்து வைத்த நற்செய்தி" என்று எங்கோ கேள்விப்பட்டிருப்பார்கள். நான் கொடுப்பது திதாக்கே, அதாவது தொடக்கக்காலக் கிறிஸ்தவர்களின் ஒழுக்க, வழிபாட்டுக் கையேடு. 16 சின்ன அதிகாரங்கள்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். 1056-இல் எழுதிய ஒரு கையெழுத்துப்படியில் இதை பிரியேனியோஸ் என்ற கிரேக்கப் பேராயர் 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார். புதனும் வெள்ளியும் நோன்பு. ஓடும் தண்ணீரில் திருமுழுக்கு, அதற்கு வழியில்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. திருத்தூதர் என்று சொல்லி வருபவர் மூன்றாம் நாளும் தங்கினால் போலி, காசு கேட்டால் போலி. இந்த இடத்தில் வகுப்பே சிரித்துவிடும். யாரை நினைத்து என்று நான் விசாரிப்பதில்லை.

ஒவ்வொரு நூலுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் மதித்தார்கள், யார் தள்ளினார்கள், என்ன காரணம் என்று எழுதுங்கள். நிசேயா சங்கத்தில் (325-இல் கூடிய ஆயர்கள் மாநாடு) ஓட்டுப் போட்டு நீக்கினார்கள் என்பது வெறும் கதை. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் 367-இல் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பட்டியலிட்ட கடிதத்திலேயே, திதாக்கேயும் எர்மா கண்ட காட்சிகளைச் சொல்லும் 'மேய்ப்பர்' நூலும் திருமுறையில் (விவிலிய நூல் பட்டியலில்) சேராது, ஆனால் புதிதாக மறை கற்பவர்கள் படிக்கலாம் என்கிறார். நான்காம் நூற்றாண்டு விவிலியப் பிரதியான சினாய் கையெழுத்துப்படியில் மேய்ப்பர் புதிய ஏற்பாட்டை ஒட்டியே இருக்கிறது. பேதுரு நற்செய்தி வேறு மாதிரி. அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் அதை வாசிக்க முதலில் அனுமதித்தார். பிறகு தானே படித்துப் பார்த்து, இயேசுவின் உடல் வெறும் தோற்றம்தான் என்போருக்கு அது துணைபோவதைக் கண்டு எச்சரித்து எழுதினார்.

அடுத்து யாக்கோபின் முதல் நற்செய்தி. ஜூலை 26-இல் மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா திருநாள் கொண்டாடுகிறோமே, அந்தப் பெயர்கள் நான்கு நற்செய்திகளிலும் கிடையாது. இதில்தான் இருக்கின்றன.

இவ்வளவும் ஆனபின் தோமா. எகிப்தின் நாக் அம்மாடியில் 1945-இல் கிடைத்த கோப்து (பழைய எகிப்திய மொழி) பிரதியில் 114 கூற்றுகள். பாடுகளும் இல்லை, உயிர்ப்பும் இல்லை. ஒரேயடியாகப் படித்தால் தலை சுற்றும். 9-ஆம் கூற்றான விதைப்பவர் உவமையை எடுத்து, மாற்கு 4-ஐப் பக்கத்தில் விரித்துவைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். மாற்கு தரும் விளக்கம் தோமாவில் இல்லை. எது பழைய வடிவம் என்று அறிஞர்களே இன்னும் வாதாடுகிறார்கள். முடிவை அவசரமாக எழுதிவிடாதீர்கள்.

தோமா பெயரில் இன்னும் இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று சிறுவன் இயேசு களிமண் குருவி செய்யும் கதை. மற்றது சிரியாக் மொழியில் வந்த தோமா பணிகள், தோமா இந்தியாவுக்கு வந்த கதை. நம் ஆட்கள் இதில் மயிலாப்பூரைத் தேடுவார்கள். அந்தப் பெயர் அதில் இல்லை. ஆனால் அதில் வரும் குந்தபார் அரசன் கற்பனை அல்ல, வடமேற்கு இந்தியாவில் அவன் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு எம். ஆர். ஜேம்ஸின் 1924 தொகுப்பு போதும். திதாக்கேயும் மேய்ப்பரும் அதில் இல்லை, தனியாகத் தேடுங்கள். நாக் அம்மாடி நூல்களுக்குப் பிற்காலப் பதிப்பு வேண்டும்.