செம்பின் படிக அமைப்பைக் கையாலேயே கண்டுபிடிப்போம்

திண்மநிலை இயற்பியலில் பலர் திணறுவது தலைகீழ் அணிக்கோவை (reciprocal lattice) வரும் இடத்தில். அந்தப் பாடத்துக்குப் போகும் முன், ஒரே ஒரு எக்ஸ் கதிர் வரைபடத்தையாவது மென்பொருள் இல்லாமல் கணக்கிட்டுப் பாருங்கள். மில்லர் குறியீடுகள் (படிகத்தின் ஓர் அணுத்தளம் எந்தத் திசையில் அமைகிறது என்று சொல்லும் மூன்று முழு எண்கள்) எதற்கு என்பது அப்போதுதான் மனதில் உட்காரும். கால்குலேட்டரும் தாளும் போதும். நாம் எடுத்துக்கொள்வது செம்புத் தூள்.

படி 1: கோணத்தைப் பாதியாக்குங்கள்

1.5406 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள எக்ஸ் கதிருக்குச் செம்பின் முதல் நான்கு பீக்குகள் (சிதறிய கதிரின் வலிமை உச்சம் தொடும் இடங்கள்) சுமார் 43.3, 50.4, 74.1, 89.9 டிகிரியில் வரும். கருவி தருவது இரண்டு தீட்டா, அதாவது கதிர் திரும்பும் முழுக் கோணம்; நமக்கு வேண்டியது தீட்டா. பாதியாக்காமல் தொடர்ந்தால் கடைசி வரை எதுவும் பொருந்தாது.

படி 2: சைன் வர்க்கம்

பாதிக் கோணங்களின் சைன் மதிப்பை வர்க்கமாக்குங்கள்: 0.1361, 0.1813, 0.3630, 0.4991. கனச்சதுரப் படிகத்தில் இந்த எண், மில்லர் குறியீடுகள் மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வரும் முழு எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிராக் விதியையும் (2d sin θ = λ) தள இடைவெளிச் சூத்திரத்தையும் (d = a/√(h²+k²+l²); a பக்க நீளம், h, k, l மில்லர் குறியீடுகள்) சேர்த்து எழுதினால் இது இரண்டே வரியில் வந்துவிடும்.

படி 3: முழு எண்ணாக்குங்கள்

எல்லாவற்றையும் முதல் எண்ணால் வகுத்தால் 1, 1.33, 2.67, 3.67. மூன்றால் பெருக்கினால் 3, 4, 8, 11. ஆக, தளங்கள் (111), (200), (220), (311).

படி 4: வராத எண்களைக் கேளுங்கள்

1, 2, 5, 6 எல்லாம் எங்கே போயின? இந்தக் கேள்வியில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். (100) தளத்தை எடுத்துக்கொள்வோம். அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் சிறு பெட்டி) எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பும் கதிர்களுக்கிடையே பாதை வேறுபாடு ஒரு முழு அலைநீளம். அவை ஒன்றையொன்று வலுப்படுத்த வேண்டும். ஆனால் முகப்பு மையக் கனச்சதுரத்தில் (மூலைகளிலும் ஒவ்வொரு முகத்தின் நடுவிலும் அணு) அந்தச் சுவர்களுக்குச் சரியாக நடுவே இன்னொரு அணுத்தளம் இருக்கிறது, அதே அடர்த்தியில். அதிலிருந்து வரும் கதிர் அரை அலைநீளம் மாறி வந்து மொத்தத்தையும் அழித்துவிடுகிறது. இதைப் பொதுவாகப் போட்டுப் பார்த்தால் மூன்று குறியீடுகளும் ஒற்றைப்படையாகவோ, மூன்றும் இரட்டைப்படையாகவோ இருக்கும் தளங்கள் மட்டும் மிஞ்சும். எனவே 3, 4, 8, 11 என்ற வரிசையைப் பார்த்ததும் முகப்பு மையக் கனச்சதுரம் என்று சொல்லிவிடலாம்.

படி 5: பக்க நீளமும் அடர்த்தியும்

அலைநீளத்தை இருமடங்கு சைனால் வகுத்து, முழு எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அலகுக்கூட்டின் பக்க நீளம் கிடைக்கும்; நான்காவது பீக்கில் 3.616 ஆங்ஸ்ட்ராம் வரும். பெரிய கோணத்துப் பீக்கையே நம்புங்கள். அங்கே கோணப் பிழையின் தாக்கம் குறைவு. அப்புறம் கூட்டுக்கு 4 அணு, அணு நிறை 63.55 என்று போட்டு அடர்த்தி காணுங்கள். கன சென்டிமீட்டருக்கு சுமார் 8.93 கிராம் வரும். செம்பின் அளவிட்ட அடர்த்தி 8.96.

அடுத்து நீங்களே செய்ய ஒன்று

பொட்டாசியம் குளோரைடு: 28.3, 40.5, 50.2, 58.6, 66.4, 73.7, 87.7 டிகிரி. விகிதம் 1, 2, 3, 4, 5, 6, 8 என்று வரும். ஏழாவது பீக்கைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் மையக் கனச்சதுரமும் (மூலைகளிலும் கூட்டின் நடுவிலும் அணு) முதல் ஆறு வரை இதே விகிதம்தான் தரும். ஏழாவதில் அது 7 காட்டும், எளிய கனச்சதுரம் (மூலைகளில் மட்டும் அணு) 8 காட்டும். ஆக, இது எளிய கனச்சதுரம் போலத் தெரிகிறது, பக்கம் 3.15 ஆங்ஸ்ட்ராம். உண்மையில் இது சோடியம் குளோரைடு போன்ற முகப்பு மைய அமைப்பு, பக்கம் 6.29. பொட்டாசியம் அயனிக்கும் குளோரைடு அயனிக்கும் எலக்ட்ரான்கள் ஒரே அளவு, 18. எக்ஸ் கதிர் சிதறுவது எலக்ட்ரான்களால் என்பதால் அதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அணுதான். லாரன்ஸ் பிராக் 1913இல் இந்த இரண்டு உப்புகளின் வேறுபாட்டை வைத்துத்தான் அவற்றின் அமைப்பைப் பிரித்தறிந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 25 வயதில், தந்தையோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். சோடியம் குளோரைடுக்கும் இதே கணக்கைப் போட்டு, எந்தெந்தப் பீக்குகள் கூடுதலாக வருகின்றன என்று பாருங்கள்.