சின்ன நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: வெங்காயம் வதக்கும் முன் எடுத்து வையுங்கள்

வடசென்னையில் வீட்டுக்குள் வளரும் சின்ன நாய் என்றால் பெரும்பாலும் பொமரேனியன், அல்லது அந்த ஜாடையில் வெள்ளையாக ஒரு ஸ்பிட்ஸ். அப்புறம் ஷிட்சூ, பக், எப்போதாவது ஒரு டாஷ்ஹண்ட். இவற்றின் தட்டில் விழுவது பல வீடுகளில் இரண்டே வகைதான்: தினமும் தயிர்சாதம், ஞாயிற்றுக்கிழமை என்றால் குழம்பு பிசைந்த சோறும் எலும்பும். தயிர்சாதத்தில் புரதம் போதாது. குழம்புச் சோற்றில் ஆபத்தே இருக்கிறது, அதில் கரைந்த வெங்காயம் நாய்க்கு விஷம்.

இதற்காக நாய்க்குத் தனிச் சமையல் நடத்த வேண்டாம். வீட்டுக்குக் கறி வாங்கும்போதே அதன் பங்கையும் வாங்கி, வாணலியில் வெங்காயம் விழுவதற்கு முன் தனியாக வேகவைத்து எடுத்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் அளவு. 5 கிலோ உடம்புக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய்கூடக் கணக்கில் வரும் என்பதால் அளவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் பச்சைக்கறி பற்றி

பச்சையாகக் கொடுத்தால் முடி மினுங்கும், பல் சுத்தமாகும் என்று வீடியோ வீடியோவாக வருகிறது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். நாய் தாங்கிக்கொண்டாலும், அதன் வாயிலிருந்தும் கழிவிலிருந்தும் அவை வீட்டுக் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் வந்து சேரும். ஃப்ரீசரில் வைத்தால் இவை செத்துவிடாது, தூங்கும், அவ்வளவே.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ஈரல், நுரையீரல் விஷயத்தில் இன்னும் கறார் வேண்டும். ஆடு மாடுகளின் இந்த உறுப்புகளில் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவம். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் புழு அதன் குடலில் வளர்ந்து முட்டையிடும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வரும். நன்றாக வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.

படி 1: எடை போடுங்கள்

நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் வருவது நாயின் எடை. வீட்டுக்குள்ளேயே இருக்கும், வளர்ந்த 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 250 முதல் 300 கலோரி தேவைப்படும். கீழே 3 நாளைக்குச் சொல்லியிருக்கும் சமையலில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

எடை இரு மடங்கானால் சாப்பாடு இரு மடங்காகாது. உடம்பு சின்னதாகச் சின்னதாக, கிலோவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் தேவை கூடும். அதனால் 10 கிலோ நாய்க்கு இந்த அளவில் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் போதும். இரண்டரைக் கிலோ நாய்க்குப் பாதி கொடுத்தால் பற்றாது, 60 சதவீதம் வேண்டும். இது தொடக்கக் கணக்குதான். விலா எலும்பு விரலுக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும். தேடினாலும் கிடைக்கவில்லை என்றால் தட்டைக் குறையுங்கள்.

படி 2: வாங்குவது

கறிக்கடையில் நாய்க்கு என்று சொன்னதுமே, "கழுத்தும் காலும் போட்டுத் தரேன், அது போதும்" என்பார்கள். "வேணாண்ணே, தோல் எடுத்து எலும்பில்லாம குடுங்க, கூட ஒரு துண்டு ஈரல்" என்று கேளுங்கள். சின்ன நாயின் தொண்டைக்குக் கழுத்து பெரிது, மெல்லாமல் விழுங்கப் பார்த்துச் சிக்கிக்கொள்ளும். வேகவைத்த எலும்போ உடைந்து ஊசியாகிக் குடலைக் கிழிக்கும். தோலில் இருப்பது கொழுப்பு. கொழுப்பு மிகுந்த சாப்பாடு கணைய அழற்சியைக் கிளப்பிவிடும், சின்ன இனங்கள் சிலவற்றுக்கு அது இன்னும் சுலபமாக வரும்.

5 கிலோ நாய்க்கு 3 நாளைக்கு வேண்டியவை:

எலும்பில்லாத கோழிக்கறி 370 கிராம், கோழி ஈரல் 30 கிராம், அரிசி 65 கிராம், பரங்கிக்காய் அல்லது கேரட் 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், முட்டை ஓட்டுப் பொடி தட்டையாக அரை டீஸ்பூன். ரேஷன் புழுங்கலரிசி தாராளமாகப் போதும்.

நாய் ஆசையாகத் தின்கிறதே என்று ஈரலைக் கூட்டாதீர்கள். வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

வாரத்தில் ஒரு நாள் கறிக்குப் பதில் மீன் கொடுக்கலாம். காசிமேட்டில் மத்தியோ நெத்திலியோ மலிவாகக் கிடைக்கும் நாளாகப் பார்த்து வாங்குங்கள். வஞ்சிரம் எல்லாம் நாய்க்குத் தேவையில்லை. தலையும் குடலும் நீக்கி, குக்கரில் முள் விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேக விடுங்கள். நசுங்காத முள்ளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மீனையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, சில வகைகளில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு, வெந்தால் அது செயலிழந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறிக் கிடக்கும். அப்போது அவித்த முட்டை போதும்.

படி 3: முட்டை ஓட்டுப் பொடி

வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வெறும் கறியும் சோறும் மாதக்கணக்கில் போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். பால் ஊற்றி இதைச் சமாளிக்க முடியாது, பல நாய்களுக்கு வயிற்றோட்டம்தான் வரும்.

ஆம்லெட்டுக்கு உடைத்த ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வெறும் தவாவில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் அரையுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நெருநெருவென்று இருக்கக் கூடாது, பவுடர் போல வழுக்க வேண்டும். நெருநெருத்தால் இன்னொரு சுற்று விடுங்கள். 1 கிராம் பொடியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அந்த 1 கிராம் போதும். நல்லதுதானே என்று கூடுதலாகப் போடாதீர்கள், மலம் கல்லாகிவிடும்.

படி 4: வேகவைப்பது

அரிசியையும் காயையும் குக்கரில் குழைய வேகவிடுங்கள். கறியையும் ஈரலையும் கொத்துக்கறி அளவுக்கு நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில், உள்ளே சிவப்பு முழுதாக மறையும் வரை வேகவையுங்கள். உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிப் பிசையுங்கள். சூடு ஆறியபின் எண்ணெயும் ஓட்டுப் பொடியும் கலந்துவிடுங்கள். கறியைப் பெரிய துண்டாக விட்டால் அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். இந்த விஷயத்தில் பொமரேனியனுக்கு நிகர் பொமரேனியன்தான்.

படி 5: பங்கு போடுவது

ஆறு சின்ன டப்பாக்களில் பிரியுங்கள், காலைக்கும் மாலைக்கும் ஒவ்வொன்று. முதல் இரண்டு நாள் பங்கு ஃப்ரிட்ஜில், மூன்றாம் நாளுடையது ஃப்ரீசரில். நம் ஊர் வெயிலில் தட்டில் வைத்த சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. தின்னாவிட்டால் எடுத்துக் கொட்டிவிடுங்கள். இரவு முழுக்கக் கரன்ட் போயிருந்தாலும் அதே கதைதான்.

படி 6: மாற்றுவது

ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. பிறகு பாதி, பிறகு முக்கால். ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாறிவிடலாம். மலம் இளகினால் அந்த நிலையிலேயே இரண்டு நாள் நில்லுங்கள்.

குட்டிகளுக்கும், சிறுநீரகக் கோளாறு போன்ற நோய் உள்ளவற்றுக்கும், சினை நாய்க்கும் இந்த அளவுகள் பொருந்தாது. ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கும் இது மட்டும் நிரந்தரமாகப் போதாது. 2013-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அலசினார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. மேலே உள்ளதிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ ஆகியவை பற்றாது. அதனால் என்ன போடுகிறீர்கள், எத்தனை கிராம், நாயின் எடை என்ன என்று ஒரு தாளில் எழுதி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் பகுதி டாக்டரிடமோ காட்டி, எந்தச் சத்துப் பொடி, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை முழுதாக மாற்றாமல், கடையில் விற்கும் நாய்க்கான உலர் உணவைப் பாதிப் பங்காகக் கொடுத்து வாருங்கள்.

கொடுக்கவே கூடாதவை

வெங்காயம், பூண்டு. பச்சையோ வதக்கியதோ, சாம்பாரில் கரைந்ததோ, எல்லாம் ஒன்றுதான். ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பிரியாணி, சால்னா, ரசம் மூன்றும் இதனாலேயே அவுட். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் மிதப்பதும் சேர்த்துத்தான். சாக்லேட், காபி, டீ, சைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை கலந்த சூயிங்கம் ஆகியவையும் வேண்டாம்.

வெங்காயத்தின் விளைவு உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும், நாய் சோர்ந்து படுக்கும். எனவே தின்றது தெரிந்த உடனேயே டாக்டருக்கு போன் போடுங்கள், எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். சின்ன நாய்க்கு அந்த உப்பே விஷமாகிவிடும்.