மரம் என்று தேடினால் மரங்கள் வராது

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் 4,000 நூல்களுக்கு மேல் இருக்கின்றன. பட்டியலை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாக வைத்து, டிபி பிரௌசர் என்ற இலவச மென்பொருளில் திறந்து தேடுவேன். போன ஆடி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து, மரங்களைப் பற்றிய நூல்கள் வேண்டும் என்றார். 'மரம்' என்று தேடிவிட்டு, "மூணுதான் இருக்கு சார்" என்றேன். அவர் அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இன்னும் ஐந்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஐந்தும் பட்டியலில் இருந்தவைதான். தலைப்புகளில் மரங்கள், மரத்தின், மரமும் என்று இருந்தன, அவ்வளவுதான்.

இந்தக் குறை யாருக்கும் வரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. எழுத்தைத் தேட உதவும் கட்டளை லைக். அதற்குள் இரண்டு குறிகள்: % என்றால் அந்த இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். _ என்றால் சரியாக ஒன்று. மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இவற்றுக்குப் பதில் வழக்கமாக * மற்றும் ?. கீழே வரும் கட்டளைச் சொற்களை இங்கே தமிழில் எழுதினாலும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நெடுவரிசைப் பெயர் தமிழிலேயே இருக்கலாம்.

செலக்ட் * ஃப்ரம் நூல்கள் வேர் தலைப்பு லைக் '%மரம்%'

நூல்கள் என்ற பட்டியலில், தலைப்பு நெடுவரிசையில் 'மரம்' இருப்பவற்றை எல்லாம் காட்டு என்று பொருள். நான் அன்று கொடுத்தது இதைத்தான். இது ஏன் 'மரமும்' என்பதைப் பிடிக்கவில்லை? நமக்கு 'ம்' ஓர் எழுத்து. கணினிக்கு அது ம, அதன் பிறகு புள்ளி என்று இரண்டு. 'மு' என்பதும் ம, அதன் பிறகு உகரக் குறி. புள்ளியோடு தேடினால் புள்ளி இருக்கும் இடம் மட்டுமே வரும். புள்ளியை எடுத்துவிட்டு '%மரம%' என்று கொடுங்கள், மரம், மரமும், மரமா எல்லாம் வந்துவிடும். தமிழில் தேடும்போது சொல்லின் கடைசிப் புள்ளியைக் கழற்றிவிடுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

வேற்றுமை உருபு ஏறினால் மரம் 'மரத்து' ஆகிறது, பன்மையில் 'மரங்கள்'. அதற்கு 'அல்லது' என்று பொருள்படும் ஆர் வேண்டும்:

தலைப்பு லைக் '%மரம%' ஆர் தலைப்பு லைக் '%மரத%' ஆர் தலைப்பு லைக் '%மரங%'

ஒரேயடியாக '%மர%' என்று போட்டால் என்ன என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். மரபு, மருத்துவம், மரியாதை, மரணம் என்று குவிந்துவிட்டது. 'மரு' என்பதற்குள்ளும் 'மர' இருக்கிறதே.

இதில் சிறுவர் நூல்கள் மட்டும் வேண்டுமென்றால் கடைசியில் அண்ட் வகை = 'சிறுவர்' என்று சேர்ப்போம். அப்போது அந்த மூன்று ஆர் பகுதிகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். அண்ட் எப்போதும் ஆருக்கு முந்திக்கொள்ளும். அடைப்பு இல்லாவிட்டால் 'சிறுவர்' என்ற நிபந்தனை 'மரங' வரிக்கு மட்டும் பொருந்தி, மற்ற இரண்டிலும் பெரியவர்கள் நூலும் சேர்ந்து வரும்.

வேண்டாததைக் கழிக்க நாட் லைக். ஆசிரியர் நெடுவரிசையில் இப்படிக் கழித்தால், பெயர் பதியாமல் காலியாக, அதாவது நல் ஆக, விட்ட நூல்களும் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஆர் ஆசிரியர் இஸ் நல் என்று சேர்த்தால் திரும்ப வரும்.

இப்போது அடிக்கோடு. முருகன் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி அதை ம, ு, ர, ு, க, ன, ் என்று ஏழாக எண்ணும். ஆகவே நான்கு கோடு போட்டால் முருகன் வரமாட்டார். நடு எழுத்து குழம்பும் இடத்தில் இந்தக் குறி நல்ல உதவி. 'ப_ம்' என்றால் பழம், பலம் இரண்டும் வரும். ழகரத்தை லகரமாகப் பதிந்துவிட்ட பிழைகளை இப்படித்தான் பிடித்தேன்.

பெயர்களுக்கு % தான் கைகொடுக்கும். சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்ரமண்யன் என்று ஆளுக்கொரு விதமாகப் பதிந்திருந்தார்கள். 'சுப%ரமண%' எல்லாரையும் ஒரே வலையில் இழுத்துவிட்டது. கௌரிக்கு இந்த வழி போதாது. பலர் 'கெ' அடித்து ளகரம் சேர்த்து 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ஆர் போட்டு இரண்டையும் தேடுங்கள். ஸ்ரீயும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2005இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. '%ரீ%' என்று தேடினால் இரண்டும் வரும், வேறு சிலதும் சேர்ந்து வரும், பரவாயில்லை.

தலைப்பிலேயே 100% என்று இருந்தால் லைக் '%100!%%' எஸ்கேப் '!' என்று கொடுக்க வேண்டும். ஆச்சரியக்குறிக்கு அடுத்து நிற்கும் % வெறும் எழுத்தாகிவிடும்.

என்னை அதிக நாள் அலையவிட்டது 'பழமொழி'. கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை. எங்கள் பட்டியலில் பாதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அதில் 'மொ' என்பதன் ஒகரக் குறி ஒரே குறியாக இல்லாமல் ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகப் பதிந்திருந்தது. பட்டியல் முழுவதையும் என்எஃப்சி என்ற யூனிகோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்தினால் துண்டுகள் ஒன்றாகிவிடும். பைத்தான் நிரல்மொழியில் அது ஒரு வரி வேலை, கோப்பை நகலெடுத்துக்கொண்டு செய்யுங்கள். அதுவரைக்கும் ஒகர, ஓகாரக் குறி வரும் இடத்தில் % வைத்துத் தேடலாம்: '%பழம%ழி%'. அன்றைக்கு இப்படித் தேடியதும் ஒன்பது நூல்கள் வந்தன. அதில் இரண்டைத் தொலைந்தவை என்று எழுதி வைத்திருந்தேன்.