குடல் பாலிப்புக்குக் குர்குமின்: ஆய்வில் சேருமுன் கேட்க வேண்டியவை

ஏ.பி.சி. மரபணுவில் உள்ள பழுது பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. வந்துவிட்டால் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் என்னும் சதைமுளைகள் முளைக்கும், விட்டுவிட்டால் புற்றுநோய் ஏறத்தாழ உறுதி. பெங்களூரின் அல்சூரிலோ விவேக்நகரிலோ வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, மஞ்சளில் உள்ள குர்குமினை இதற்கு மருந்தாகச் சோதிக்கும் ஆய்வில் சேர எண்ணினால், முதலில் அஞ்சறைப்பெட்டியை மறந்துவிட வேண்டும். மஞ்சள்தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவே என்பதால், 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்தோறும் கொடுத்த 3,000 மில்லிகிராமை எட்ட நாளொன்றுக்கு 100 கிராம் தூள் வேண்டும்; எந்த ரசமும் அதைத் தாங்காது.

ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெறும் குழு உண்டா என்பதே தலையாய கேள்வி. 2006-இல் ஐந்து நோயாளிகளுக்குக் குர்குமினும் குவெர்சிடின் என்ற இன்னொரு தாவரப் பொருளும் ஆறு மாதம் கொடுத்தபோது பாலிப்புகளின் எண்ணிக்கை சுமார் 60 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். ஒப்பிட மறுகுழு இல்லை. மேலே சொன்ன 2018 ஆய்வில் 44 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓராண்டு கவனித்தபோது, சராசரி எண்ணிக்கை போலி மாத்திரைக் குழுவில் 18.6, குர்குமின் குழுவில் 22.6, புள்ளியியல்படி இது வேறுபாடே அல்ல.

எண்ணுவது யார், எப்படி என்பதையும் விடாமல் கேளுங்கள். குடல் சரியாகக் கழுவப்படாவிட்டால் இரண்டு மில்லிமீட்டர் பாலிப்பு மலத்துகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அது மருந்தின் வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே பகுதியைப் படமெடுத்து, பக்கத்தில் திறந்த ஃபோர்செப்ஸை (சிறு இடுக்கியை) வைத்து அளவு பார்த்து, எந்த மாத்திரை என்று அறியாத மருத்துவரே எண்ண வேண்டும்.

மாத்திரையில் மிளகுச் சாரம் உண்டா என்பதும் முக்கியம். மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் 2,000 விழுக்காடு கூடுவதை 1998-இல் காட்டியது நம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிதான். ஆனால் அது வேறு மருந்துகளின் அளவையும் ஏற்றக்கூடும்.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவெண்ணையும் தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். கொலோனோஸ்கோப்பியையோ (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையையோ) அறுவை சிகிச்சையையோ இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். சுலிண்டாக் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து, ஆஸ்பிரின், கடையில் வாங்கிய மஞ்சள் மாத்திரை எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். போலி மாத்திரைக் குழுவில் இருப்பவர் வீட்டில் குர்குமின் விழுங்கினால் மொத்தக் கணக்கும் குழம்பும்.