ட்ரம்பெட்டில் ஏறியே நின்ற கீழ் ‘டி’

எங்கள் பங்குக் கோயில் பேண்டில் பழைய ட்ரம்பெட் ஒன்றைக் கொடுத்துப் பழகச் சொன்னார்கள். கீழ் ‘டி’, ‘சி ஷார்ப்’ என்ற இரண்டு சுரங்கள் மட்டும் சுருதி ஏறியே நின்றன. உதட்டைத் தளர்த்தினால் இறங்கும், ஆனால் நாதம் செத்துவிடும். அப்புறம் யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிக்கும் அண்ணன்தான் விளக்கினார்: வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குழாயின் நீளம் கொஞ்சம் போதாது, அதை ஈடுகட்டத்தான் மூன்றாம் வால்வின் ஸ்லைடில் (இழுத்து நீட்டும் குழாய்) விரல் வளையம். என் கருவியில் அந்த ஸ்லைடு இறுகிக் கிடந்தது. மூட்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் மூன்றாம் வால்வை அழுத்திக்கொண்டே (இல்லாவிட்டால் உள்ளே வெற்றிடம் பிடித்து இழுக்கும்) மெதுவாக இழுத்ததும் வந்துவிட்டது. குறடு மட்டும் வேண்டாம், பித்தளை நசுங்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்லைடு எண்ணெய் போட்டேன். இப்போது ‘டி’க்குக் கொஞ்சம், ‘சி ஷார்ப்’புக்கு நன்றாகவே வெளியே தள்ளி வாசிக்கிறேன்.